எண்ணும் குரல்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் கணினித் திரைகள் ஒவ்வொன்றாக முடங்கின. நெட்வொர்க்குக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். "எல்லாரும் கேபிளைப் பிடுங்குங்க!" என்று கத்திக்கொண்டே வந்தான் கணினிப் பிரிவு இருதயராஜ். அழைப்புகளை எடுக்கும் செண்பகவல்லி மட்டும் பிடுங்கவில்லை. அவளுடைய போனும் அதே கேபிளில்தான் ஓடியது. மறுமுனையில் ஒருவன், மூச்சு நின்றுபோன தன் மனைவியின் நெஞ்சை, இவள் எண்ண எண்ண அமுக்கிக்கொண்டிருந்தான். வண்டி கிளம்பிவிட்டது. அது போய்ச் சேரும்வரை அவன் கை நிற்கக் கூடாது.

"உங்க ஒரு மிஷின் வழியா பரவினாப் போதும்க்கா, பக்கத்து மாவட்டத்து ஆம்புலன்ஸ் ரூமெல்லாம் சேர்ந்து படுத்துரும்," என்றான் இருதயராஜ்.

"பதினாலு, பதினஞ்சு... ஒரு நிமிஷம் இருப்பா."

"நிமிஷமெல்லாம் இல்லக்கா!"

அவள் கண்களை மூடிக்கொண்டாள். "தம்பி, லைன் கட்டாகப்போகுது. இதே வேகத்துல நீங்களே சத்தமா எண்ணுங்க. நிறுத்திராதீங்க."

"ஐயோ, எனக்கு வராதுக்கா."

"வரும். எண்ணுங்க."

அழுகையோடு அவன் ஒன்று என்றான். இரண்டு என்றான். மூன்று சற்றுத் தாமதமாக வந்தது. அவள் கேபிளை இழுத்தாள்.

"தப்பிச்சோம்க்கா," என்று இருதயராஜ் நாற்காலியில் சாய்ந்தான். அவள் திரும்பவில்லை. ஓசையற்றுப்போன ஹெட்போனைக் கழற்றாமல், உள்ளங்கையால் மேஜையை அமுக்கியபடி, நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டே போனாள். மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை.