மிதவைச் சண்டை

"இத்தனூண்டு பாய்மரப் படகுக்கு உயிர்காப்பு மிதவை எதுக்குடி? வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் கணவர்.

"படகோட சைஸ் பாத்தா கடல் அலை அடிக்கும்?" என்று சீறினாள் மனைவி.

"கடைக்காரன் உன் தலையில கட்டிட்டான்."

"என் உயிர் உங்களுக்கு அவ்வளவு இளக்காரம்!"

மீட்புப் படகில் வந்த காவலர், நடுக்கடலில் ரப்பர் மிதவைமேல் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"சார், அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடுங்க. இது இல்லேன்னா ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்பீங்க. ஆமா, படகு எப்படிக் கவுந்துச்சு?"

மனைவி சட்டென்று வானத்தைப் பார்த்தாள்.

"சொல்லேன்டி," என்றார் கணவர்.

"மிதவை வேலை செய்யுதான்னு பாக்க, படகுக்குள்ளயே அதுல காத்து நிரப்புற கயித்தை இழுத்தேன். குபீர்னு உப்பி, படகையே கவுத்துடுச்சு."

காவலர் கை நீட்டி அவளை மீட்புப் படகில் ஏற்றினார்.

"ஆனா, நல்லா வேலை செய்யுது சார்!" என்றாள்.