நாற்பதாவது நூல்

பொற்கொடி வடிவமைத்த ஒன்பதாவது விமான இறக்கை அது. காற்றுச் சுரங்கத்துக்குள் மாட்டி, காற்று ஓடும் போக்கைப் பார்ப்பதற்காக அதன் முதுகில் நாற்பது கம்பளி நூல்களை ஒட்டியிருந்தாள். ராட்சத விசிறி சுழன்றதும் முப்பத்தொன்பது நூல்கள் பின்பக்கமாகப் படிந்து கிடந்தன. நட்டநடுவில் ஒன்று மட்டும், முந்தைய எட்டு இறக்கைகளிலும் செய்ததைப் போலவே, காற்றை எதிர்த்து முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது.

"உனக்கு என்னதான் வேணும், சனியனே?" என்று சுரங்கத்தின் பக்கவாட்டுக் கண்ணாடியில் அறைந்தாள். வளைவை மாற்றியாயிற்று, தடிமனைக் குறைத்தாயிற்று, நூலைக்கூட மாற்றியாயிற்று. கணினியோ எல்லாம் சரியென்றே சாதித்தது.

"ஒத்த நூலுக்காக ஒரு வருஷமா?" என்றார் மேலாளர் இஸ்ரவேல். "வெட்டி எறிஞ்சுட்டுப் போட்டோ எடுங்கம்மா. அடுத்த மாசம் இத மாட்டித்தான் விமானம் பறக்கப்போவுது."

பக்கக் கதவு வழியே கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். நூல் பறந்து மறைந்தது. படம் அழகாக விழுந்தது. இஸ்ரவேல் அப்போதே அதை விமானம் கட்டுபவர்களுக்கு அனுப்பிவிட்டார்.

விசிறியை நிறுத்திவிட்டுப் பின்பக்க வலையில் நூலைத் தேடினாள். காற்று அடித்துக்கொண்டு போவதெல்லாம் அங்கேதான் சிக்கும். அங்கே இல்லை. முன்பக்கம், காற்று உள்ளே நுழைகிற வலையில் அது ஒட்டிக்கொண்டிருந்தது.