கதாநாயகி தேவை

"உங்க பொண்ணு ஆர்த்தி எங்க படத்துல கதாநாயகியா நடிக்கணும்ங்க. அதைக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தோம்."

புகழேந்தி சொல்லி முடித்ததும், பக்கத்தில் இருந்த ஆரோக்கியராஜ் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்துகொண்டான். எழுந்து ஓட வசதியாக இருக்கும்.

எதிரே மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அப்பாதுரை நிமிரவில்லை. வல்லம் பக்கத்தில் அவருக்குச் சொந்த நிலமும், அந்த நிலத்தைவிடப் பெரிய கோபமும் உண்டு என்று இருவருக்கும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

"யாரு நீங்க?"

"திண்டிவனம்ங்க. நான் கேமரா. கல்யாண வீடியோ எடுத்துக்கினு இருந்தேன். இவன் சவுண்டு. நாங்களா சேர்ந்து சின்னதா ஒரு படம் பண்றோம். லைட்டு, மேக்கப்பு, எடிட்டிங்கு, எல்லாத்துக்கும் ஆளு சேந்துட்டாங்க. ஒரே ஒரு ஆளுதான் பாக்கி."

"டைரக்டரு யாரு?"

புகழேந்தி லேசாகத் தடுமாறினான். "அவங்க வேலையா வெளிய போயிருக்காங்க."

"எம்பொண்ணு மெட்ராஸ்ல ஆபீஸ் வேல பாக்குது. அதைப் போயி சினிமாவுல ஆடச் சொல்றியா?"

"ஆட்டமெல்லாம் இல்லீங்க ஐயா. நல்ல கதை. ஒரு பொண்ணு தனக்குப் புடிச்ச வேலைக்குப் போகணும்னு நெனைக்குது. அப்பா உடமாட்டேன்றாரு."

அப்பாதுரை எழுந்தார். மடியில் இருந்த வேர்க்கடலைத் தோல் தரையெங்கும் சிதறியது. இடி விழப் போகிறது என்று இருவரும் காத்திருக்க, அவர் குரலோ கீழே இறங்கியது.

"அது பொறந்தப்போ, பொட்டப்புள்ளையான்னு ஊரே கேட்டுச்சு. ஆமா, எம்பொண்ணுதான்னு தோள்மேல தூக்கி வச்சிக்கினு தெருத்தெருவா சுத்தினவன் நான். அது கண்டவன் முன்னால மூஞ்சியக் காட்டிக்கினு நிக்கணுமா? நான் செத்ததுக்கு அப்புறம் வந்து கேளு."

உதடு துடித்தது. கண் நிறைந்தது. ஆனால் ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. அதற்குப் பிறகுதான் கத்தினார்.

"எழுந்து போங்கடா வெளிய."

சமையலறை வாசலில் தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்ற அவர் மனைவி ஜெயம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவு படாரென்று சாத்தப்பட்டது.

ஊருக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் பைக் நின்றதும், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு காத்திருந்த ஆர்த்தி ஓடி வந்தாள்.

"அப்பா அடிச்சிட்டாரா?"

"அடிக்கல. அதுக்கும் மேல." புகழேந்தி சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, அங்கே அவருக்குத் தெரியாமல் பதிவு செய்த வீடியோவை ஓடவிட்டான். "விழுப்புரத்துல எத்தினி நாடகக்காரங்களப் பாத்தோம்? அப்பா வேஷம்னாலே எல்லாரும் ராஜா மாதிரி கத்துனாங்க. கதாநாயகின்னு சும்மா ஒரு சாக்குக்குக் கேட்டதுக்கே இவரு கொரல எறக்குனாரு பாரு, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா டைரக்டர் நீ. நீதான் சொல்லணும்."

ஆர்த்தி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்க இறங்கியதை அவரிடம் சொல்ல அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

"இவர்தான் நம்ம படத்து அப்பா" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாவம், அவருக்கு நடிக்கவே தெரியாது. அதான் இவ்ளோ நெஜமா இருக்கு."

"சரி, உண்மையச் சொல்லி அவரை எப்படிக் கூப்பிடறது?" என்றான் ஆரோக்கியராஜ். "பேஜாராயிடும்."

"வீட்டுக்குள்ளயே சேக்கமாட்டாரு. அதான் பயமா இருக்கு."

"உங்கம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவங்களப் பேசச் சொல்லேன்."

"அம்மா மூச்சு விடமாட்டாங்க. அப்பாகிட்ட சொல்லமாட்டேன்னு எனக்குச் சத்தியமே பண்ணியிருக்காங்க."

அந்த நேரம் வீட்டில், சிதறிக் கிடந்த தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த அப்பாதுரை, மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் ஜெயம், கடைசில கொஞ்சம் ஓவராக் கத்திட்டனோ? நடிப்புதான்னு நம்ம டைரக்டரம்மா கண்டுபுடிச்சிடப் போவுது."