வயசுக்கு ஓர் அத்தாட்சி

"எம் மவ கல்யாணத்தை நிப்பாட்ட நீ யாருட்டி?"

வடிவம்மாள் அரசாங்க அதிகாரியை 'ட்டி' போட்டு அதட்டியது குத்துக்கல்வலசைத் தெரு முழுக்கக் கேட்டது. கேட்காதவர்களுக்காக இன்னொரு தடவையும் அதட்டினாள்.

சமூக நலத் துறையின் ஊர்நல அலுவலர் ஸ்ரீவித்யாவும் சளைக்கவில்லை. "மரியாதையாப் பேசுங்கம்மா! பொண்ணுக்குப் பதினேழு வயசுதான், நாளைக்குக் குற்றாலத்துல கல்யாணம்னு ஹெல்ப்லைனுக்குப் போன் வந்திருக்கு. குழந்தைத் திருமணம்னா கேஸ்தான்." கூட வந்த பெண் போலீஸ், கேஸை விட்டுவிட்டு முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. எதிர்வீட்டு உச்சிமாகாளியைப் பார்த்துக் கையை நீட்டினாள். "போன் போட்டது இந்தக் கொள்ளிக்கண்ணிதான்!"

"ஏட்டி, எனக்கு வந்த போனை எடுக்கத்தான் தெரியும். போடத் தெரியாதுட்டி!" என்றாள் உச்சிமாகாளி, வேடிக்கைக்கு வசதியாக வாசல்படியில் உட்கார்ந்துகொண்டே.

வாசுதேவநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அப்போதுதான் வேனை விட்டு இறங்கியிருந்தார்கள். கொடுத்த காப்பி கையிலேயே ஆறியது.

"பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்டைக் காட்டுங்க, போயிடுறேன்" என்றாள் ஸ்ரீவித்யா.

"அது எந்தக் காலத்துச் சங்கதி! கரையான் அரிச்சிட்டு."

"ஆதார்?"

"ஜெராக்ஸ் கடையில கிடக்கு."

"பொண்ணையாவது கூப்பிடுங்க."

"பியூட்டி பார்லருக்குப் போயிருக்கா. அவளைப் பார்த்து என்ன செய்யப் போற? நீயா தாலி கட்டப் போற?"

தெரு சிரித்தது. ஸ்ரீவித்யா சிரிக்கவில்லை. "எனக்கு ரெக்கார்டு வேணும். இல்லாட்டி ரெண்டு வீட்டாரும் ஸ்டேஷனுக்கு வாங்க. பந்தல் போட்டவரும் வரணும்." பந்தல்காரர் அதற்குள் சைக்கிளில் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

நாளைக் காலை ஏழரைக்குத் தாலி ஏறிவிட்டால் போதும், அப்புறம் எந்தக் காகிதத்தை யார் பார்த்தால் என்ன என்றுதான் வடிவம்மாள் கணக்குப் போட்டிருந்தாள். அந்த ஏழரைக்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா இராமலட்சுமி முன்னால் வந்தாள். "மதினி, சின்னப் பிள்ளையை எங்க தலையில கட்டி, எம் மவனை ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கியளா? காயிதத்தை எடுங்க. இல்லன்னா வேனைத் திருப்புதோம்."

வேறு வழியில்லை. வடிவம்மாள் உள்ளே போய், பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்த சர்ட்டிபிகேட்டை எடுத்து வந்தாள். கரையான் அதைத் தொடக்கூட இல்லை. மடித்தபடியே ஸ்ரீவித்யாவின் கையில் திணித்தாள். "மனசுக்குள்ளயே படி தாயி."

ஸ்ரீவித்யா பிரித்தாள். மறுபடி தேதியைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு பிரச்சினையும் இல்லம்மா! இசக்கிச்செல்விக்கு முப்பது வயசு. தாராளமாக் கல்யாணம் பண்ணலாம்!"

"முப்பதா?" இராமலட்சுமியின் காப்பி டம்ளர் பறந்தது. "இருபத்தஞ்சுன்னுல்ல சொன்னிய! எம் மவனுக்கே இருபத்தேழுதான்! அக்காவையா கட்டி வைக்கப் பாத்திய?"

வடிவம்மாள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள், பிறகு திட்டினாள், பிறகு வேன் போன திசையில் மண்ணை வாரித் தூற்றினாள். 'புகார் பொய், மணமகள் வயது வந்தவர்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஸ்ரீவித்யா கிளம்பினாள். பெண் போலீஸ் கையில் இரண்டு முறுக்கு இருந்தது.

அன்றிலிருந்து எதிர்வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் மாதமே இசக்கிச்செல்வி, கூட வேலை பார்த்த தேவாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு புனலூருக்குக் குடிபோய்விட்டாள். அவன் அவளுக்கு நாலு வயது இளையவன், தெரிந்தேதான் கட்டினான்.

ஒருநாள் போனில் வடிவம்மாள் வழக்கம்போல ஆரம்பித்தாள். "அந்தச் சண்டாளி உச்சிமாகாளி மட்டும் வயசைக் குறைச்சுப் போன் போடலைன்னா..."

"அவளை விடும்மா" என்றாள் மகள். "நீ அஞ்சு குறைச்ச, நான் மேல ஒரு எட்டு குறைச்சேன்."