துப்பல் கிண்ணம்

காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கிண்ணத்தை ஒளித்துவைத்தேன்.

கையால் தொடவில்லை. காகிதத்தைச் சுற்றிப் பிடித்துக் கொண்டுபோய்க் கை கழுவும் தொட்டிக்கு அடியில் தள்ளினேன். குப்பைக்கூடையையும் வெளியே வைத்துவிட்டேன். இன்றைக்கு எங்கே துப்புகிறார் என்று பார்க்கலாம்.

பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கும் மேசை எங்களுடையது. ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை எடுத்துக் கடித்து, இனிப்பு எப்படி, மொறுமொறுப்பு எப்படி என்று எழுத வேண்டும். நாங்கள் நான்கு பெண்கள் முழுங்குவோம். மேசையில் ஒரே ஆண் அவர். அவர் மட்டும் துப்புவார்.

மென்று கூழானது எச்சிலோடு சேர்ந்து எவர்சில்வர் கிண்ணத்தில் சொத்தென்று விழும். நான் டீயை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்துத்தான் விழும். ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிறவள் நான். ஆறும் குமட்டும்.

கேட்டால் வேண்டுதலாம். கடவுளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம், இனிப்பைத் தொண்டைக்குக் கீழே இறக்குவதில்லை என்று.

பேக்கிங் பெண்கள் அவருக்குத் 'துப்பல் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இவ்வளவு வைராக்கியம் உள்ள ஆளுக்கு பிஸ்கட் கம்பெனியில் என்ன வேலை என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். இந்த நாக்கை வைத்துக்கொண்டு வேறு எங்கே போவது என்று அவரும் சிரிப்பார். சிரிக்கும்போது பல்லிடுக்கில் மாவு அப்பியிருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆறு வருடமாக அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பக்தி இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு வயிறு என்று ஒன்று இல்லையா?

பத்து மணிக்கு மேனேஜர் மூன்று பேரை அழைத்துவந்தார். பெரிய கடைகளுக்கு மொத்தமாக வாங்குகிறவர்கள். புதிதாகச் செய்த கிரீம் பிஸ்கட்டை எடுத்து, எங்கள் கம்பெனியின் நாக்கே இவர்தான் என்று பெருமையாகச் சொல்லி, துப்பல் சாரிடம் நீட்டினார்.

அவர் வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் கிண்ணத்தைத் தேடினார். மேசைமேல் இல்லை. கீழே குனிந்து பார்த்தார். கூடையும் இல்லை.

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல், "முழுங்குங்க சார்" என்றார்.

அந்த பிஸ்கட் உண்மையிலேயே நன்றாக இருந்தது. காலையில் நான் மூன்று தின்றிருந்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். குரல்வளை ஒருமுறை மேலே ஏறி அங்கேயே நின்றது. கண்ணோரத்தில் தண்ணீர் கட்டியது. அவ்வளவு ஆசை. இத்தனை வயதில் ஒரு மனிதருக்கு ஒரு பிஸ்கட்டின் மேல் அவ்வளவு ஆசை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முழுங்கு, முழுங்கித் தொலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவர் திரும்பி, தன் உள்ளங்கையிலேயே துப்பினார்.

பழுப்புக் கூழ். உதட்டிலிருந்து கைவரை ஒரு நூல் எச்சில். வந்தவர்களில் ஒரு அம்மா தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர்கள் போனதும் மேனேஜர் திரும்பி வந்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று, துப்பல் சாரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

டீ நேரம். தொட்டியில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் டம்ளரோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். பரிதாபப்பட்டு அல்ல. எரிச்சலில்.

"ஒண்ணே ஒண்ணு சார். முழுங்கினா என்ன? அப்படி என்ன பெரிய வேண்டுதல்?"

அவர் விரலிடுக்கில் சோப்பு போட்டுக்கொண்டே சொன்னார். "பொண்ணுக்கு ஆபரேஷன்ம்மா. எட்டு வயசு. உள்ள தூக்கிட்டுப் போனப்ப விட்டது."

"அதான் நல்லாயிட்டா இல்ல? சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்று சொல்லிவிட்டு, ஒரு மடக்கு டீயை வாயில் வாங்கிக்கொண்டேன்.

அவர் குழாயை மூடினார்.

"அவ அன்னிக்கே போயிட்டா."

டீ வாயிலேயே நின்றது. நான் எதைக் கேட்க நினைத்தேனோ அதற்கு அவராகவே பதில் சொன்னார்.

"அதுக்காக? குடுத்ததை எப்படிம்மா திருப்பி வாங்கறது?"

குனிந்தார். தொட்டிக்கு அடியில் கைவிட்டுக் கிண்ணத்தை எடுத்தார். சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, கிண்ணத்தைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். யார் அங்கே வைத்தது என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

என் மகனுக்கும் ஆபரேஷன் நடந்தது. ஏழு வருடம் ஆகிறது. அவன் பிழைத்துக்கொண்டான். இப்போது பந்து விளையாடிவிட்டுத் தினமும் சட்டை முழுக்கச் சேற்றோடு வீட்டுக்கு வருகிறான்.

அன்று ஆஸ்பத்திரி நடையில் தரையில் மண்டியிட்டு, சாகிறவரை தொட மாட்டேன் என்று நான் விட்டது டீயை.

இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

வாயில் இருந்தது ஆறிப்போயிருந்தது. தொட்டி கண்ணெதிரே இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

முழுங்கினேன்.