வேம்பு கடை இட்லி

"என் இட்லியால மஞ்சக்காமாலையா? சொன்ன வாயி அழுவிப்பூடும்!" வேம்பு சீறினாள். திருவொற்றியூரில் அவள் கடையில் சாப்பிட்டவர்களில் பாதிப்பேர் படுத்திருந்தார்கள்.

சுகாதார டாக்டரம்மா அசரவில்லை. "கடைய மூடும்மா."

"மூட மாட்டேன். இதுதாம்மா எங்க சோறு. என் நாலு வயசுப் பொண்ணும் இதத்தான் துன்றா. எப்டி குதிச்சிகினு கீறா பாரு!"

"பெரியவங்களுக்குத்தான் கண் மஞ்சளாகும். சின்னப் பிள்ளைங்களுக்கு வந்தாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது. கை வழியா அடுத்தவங்களுக்கு ஒட்டிடும்."

பதிலுக்கு வாய் திறந்த வேம்பு, வாடிக்கையாளரின் தட்டருகே பாய்ந்து மகளின் கையைப் பிடித்தாள்.

ராசியான கை என்று, ஒவ்வொரு தட்டிலும் முதல் இட்லியை வைக்க அவளே பழக்கிய கை.