முதல்லை அவ போகட்டும்

"அன்னம், அண்டைக்கு உன்ரை தம்பி என்ன சொன்னவன்?"

பின்னேரத் தேத்தண்ணிக் கோப்பை கைக்கு வந்ததும் அருளம்பலம் மனைவியிடம் கேட்டார். மகள் புஸ்பராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றும் இதே கேள்வி, முந்தநாளும் இதே கேள்வி. பெற்ற தகப்பன் என்றாலும் பொறுமைக்கு ஓர் எல்லை இல்லையா?

அன்னலட்சுமிக்கோ அலுப்பே கிடையாது. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுக் கலியாணக் கதையைத் தொடங்கினாள்.

அந்த நாளில் அருளம்பலம் மூதூருக்கு ஆள் ஏற்றும் லாஞ்சிப் படகு ஓட்டுகிறவர். மாப்பிள்ளையாகவும் லாஞ்சியில்தான் வந்தார். நடுக்கடலில் அலை அடித்து, பட்டு வேட்டி நனைந்து, தண்ணீர் வடிய வடிய உப்புவெளியில் பெண் வீட்டு வாசலில் நின்றார். பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டும், கழுவினவனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போட வேண்டும். தம்பி பாக்கியரத்தினம் நனைந்த மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தான்.

"கடலே கழுவி அனுப்பியிருக்கு. இனி நான் என்னத்தைக் கழுவ? மோதிரத்தை மட்டும் தாங்கோ அத்தான்."

துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டாலும் இந்த இடத்தில் இரண்டு பேரும் சிரிக்காமல் விடமாட்டார்கள். இப்போது லாஞ்சியும் இல்லை, தம்பியும் இல்லை. கதை மட்டும் மிச்சம்.

கதை நல்ல கதைதான். ஆனால் அதையே தினமும் கேட்கிறவருக்கு மூளை மங்குகிறது என்றுதானே அர்த்தம்? கறிக்கு இரண்டு தரம் உப்பு விழுந்தால், "நான்தான் போட்டனான்" என்பார். வெறும் சட்டியோடு அடுப்பு எரிந்தால், அதற்கும் "நான்தான்". போன கிழமை அம்மாவின் அடையாள அட்டையைக் காணாமல் வீடே தலைகீழாகியது. கடைசியில் அது அரிசிப் பானைக்குள் கிடந்தது. "நான்தான் வைச்சனான், பிள்ளை."

அட்டை இல்லாமல் அந்தச் சண்டைக் காலத்தில் தெருமுனை தாண்ட ஏலுமா? புஸ்பராணி முடிவெடுத்துவிட்டாள். கொழும்புக்குக் கொண்டுபோய்த் தலையை ஸ்கான் பண்ணிப் பார்ப்பது. மறதி நோய்தான் என்றால் அப்பா அங்கேயே அண்ணன் வீட்டில் இருக்கட்டும், அம்மா தன்னோடு உப்புவெளியில் இருக்கட்டும். இந்த நேரத்தில் இரண்டு பேரோடும் ஒருத்தி இழுபட ஏலாது.

அருளம்பலம் "கொம்மாவும் வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

கப்பல்துறைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பொதிகளைத் திறந்து காட்டி, வழிநெடுக இறங்கி ஏறி, இடுப்பொடியக் கொழும்பு போய்ச் சேர்ந்தார்கள். டாக்குத்தரிடம் தனியாகக் கதைக்க வேண்டும் என்று அருளம்பலம் முதலில் உள்ளே போய் வந்தார். அதுவரை சரி. ஸ்கான் அறை வாசலில்தான் கூத்து. மெஷினைக் கண்டதும் மனிசன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பயமாக் கிடக்கு. முதல்லை அவ போகட்டும்."

தாதிமார் சிரித்தார்கள். புஸ்பராணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. புயலுக்குள் லாஞ்சி ஓட்டின ஆளாம்! பெண்சாதியை முன்னுக்குத் தள்ளிவிட்டுப் பின்னால் ஒளிக்கிறார்.

அன்னலட்சுமி செருப்பைக் கழற்றினாள். "சின்னப்பிள்ளையள் மாதிரி. இருங்கோ, நான் படுத்துக் காட்டுறன்" என்று நிமிர்ந்த நடையோடு உள்ளே போனாள். வெளியே வந்தபோதும் அதே நிமிர்வுதான். ஒன்றும் இல்லை, சும்மா படுத்திருந்தால் சரி என்று கணவனுக்குத் தைரியம் சொன்னாள்.

இனி அவர் போக வேண்டியது. போகவில்லை. ஏலாது என்று சுவரோர மர வாங்கில் குந்திவிட்டார். மகள் கெஞ்சியும் பார்த்தாள், ஏசியும் பார்த்தாள். அசையவில்லை.

கடைசியில் அவள் டாக்குத்தரிடம் போய்த் தலைகுனிந்து நின்றாள். "இவ்வளவு தூரம் வந்தும் வீணாப் போச்சு ஐயா. அப்பா படம் எடுக்க விடுறார் இல்லை."

டாக்குத்தர் கையிலிருந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"எடுக்க வேண்டிய ஆளைத்தான் எடுத்திருக்கு, தங்கச்சி."

புஸ்பராணிக்கு விளங்கவில்லை. அவர்தான் விளங்கப்படுத்தினார். உப்பைப் போட்டதும், அடுப்பை மறந்ததும், அட்டையை அரிசிக்குள் வைத்ததும் அம்மா. அம்மாவின் தாய்க்கும் இப்படி வந்து, அறைக்குள் பூட்டி வைத்திருந்தார்களாம். தனக்கும் அப்படி வந்தால் கிணற்றில் விழுவேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாளாம். அவளுக்குப் பரிசோதனை என்று சொன்னால் வாசலுக்கே வரமாட்டாள். தினமும் கேட்கிற அந்தக் கேள்வி? கதை இன்னும் இருக்கிறதா என்று அப்பா பார்த்துக்கொள்கிறாராம்.

"படத்திலை இந்த இடம் சுருங்கத் தொடங்கியிருக்கு. அவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் ஆரம்பம்தான்" என்றார் டாக்குத்தர்.

புஸ்பராணி வெளியே வந்தாள். வாங்கில் இரண்டு பேரும் ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னம், அண்டைக்கு உன்ரை தம்பி என்ன சொன்னவன்?"

அன்னலட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "என்ன சொல்லுறது? செம்பிலை தண்ணி எடுத்து வடிவாக் காலைக் கழுவினவன்."

அருளம்பலம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஓம் என்ன... எனக்குத்தான் மறந்துபோச்சு."

அப்போதுதான் அன்னலட்சுமி மகளைக் கண்டாள். "படம் எடுக்காததுக்கு டாக்குத்தர் ஏசினவரோ, பிள்ளை? என்னவாம்?"

அப்பா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புஸ்பராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"படம் தேவையில்லையாம். அப்பாவுக்குத்தானம்மா மறதி. உங்களை விட்டுப் பிரிச்சு அவரை ஒரு இடத்திலையும் வைக்கக்கூடாதாம்."